ஒளியிழையும் தூசியும்

நம் ஊர்த் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் தாவிச் செல்லும் மெல்லிய கறுப்பு வடம் ஒன்றை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவே ஓடுவது தாமிரக் கம்பியன்று, கண்ணாடி இழை. அவ்விழையின் வழியே ஒளி செல்கிறது. நாம் தொலைபேசியில் பேசும் பேச்சும், பிள்ளைகள் கணினியில் காணும் பாடமும், வங்கியின் கணக்கும் அவ்வொளியின் மீதேறியே இன்று ஊர் ஊராகச் செல்கின்றன. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தகைய வடம் 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைப்பது என்று அரசு ஒரு திட்டமும் வகுத்தது.

இத்துணைப் பெரிய ஏற்பாடு ஒரு துகள் தூசியால் தடைப்படக்கூடும் என்றால் கேட்போர் வியப்படைவர். ஆயினும் அது உண்மை. அத்தூசியை எவ்வாறு காண்பது, எக்கருவி கொண்டு அகற்றுவது, எந்த முறை நன்று, எந்த முறை தீது என்பனவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒளியிழையின் வரலாறே ஒருவகையில் தூய்மையின் வரலாறு எனலாம். ஒளியைக் கண்ணாடிக்குள் செலுத்தி வளைந்து செல்லச் செய்யலாம் என்பதை அறிஞர் நெடுநாளாக அறிந்திருந்தனர். ஆனால் அக்காலத்துக் கண்ணாடியில் இருபது மீட்டர் செல்வதற்குள் ஒளியின் பெரும்பகுதி மறைந்துவிடும். 1966 ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டின் ஹார்லோ என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவரும் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். ஒளி மங்குவது கண்ணாடியின் இயல்பான குறையன்று. அதில் கலந்துள்ள மாசுகளே பெருங்காரணம். மாசுகளை நீக்கிவிட்டால் ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூற்றில் ஒரு பங்கு ஒளியேனும் எஞ்சும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்து விஞ்ஞானிகள் மூவர் அத்தகைய இழையைச் செய்தே காட்டினர். காவ் அவர்களுக்கு 2009 ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையிலோ பதினைந்து கிலோமீட்டர் சென்ற பின்னும் புகுந்த ஒளியில் ஏறக்குறையப் பாதி எஞ்சி நிற்கிறது.

இவ்வாறு கண்ணாடியின் உள்ளிருந்த மாசை விஞ்ஞானிகள் விரட்டினர். வெளியிலிருந்து வந்து ஒட்டும் மாசை விரட்டும் பொறுப்போ, கம்பத்தின் மேலும் சுவர்ப்பெட்டியின் முன்னும் நின்று வேலை செய்யும் தொழிலாளியைச் சேர்ந்தது. முன்னதற்குப் பரிசும் புகழும் உண்டு. பின்னது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் பின்னது தவறினால் முன்னதால் பயனில்லை.

மாசு எங்கே ஒட்டுகிறது என்பதை முதலில் அறிவோம். நகரத்திலிருந்து நம் வீடு வரை ஒரே நீளமாக இழையை இழுத்து வர இயலாது. இடையிடையே இணைத்தாக வேண்டும். இணைக்கும் வகை இரண்டு. இரு முனைகளையும் மின்பொறியால் உருக்கி ஒன்றாக்குவது ஒரு வகை. அது நிலையான இணைப்பு. வேண்டும்போது கழற்றவும் மீண்டும் மாட்டவும் ஏற்றதாகச் செய்வது மற்றொரு வகை. அதனைத் தொழிலாளர் கனெக்டர் என்பர். நாம் பேசுவது இக்கனெக்டரைப் பற்றியே.

கனெக்டரின் முன்புறத்தில் மூக்குப்போல நீண்டிருக்கும் வெண்ணிறப் பீங்கான் உருளைக்கு ஃபெரூல் என்று பெயர். அதன் குறுக்களவு சிலவற்றில் 2.5 மில்லிமீட்டர், சிறிய வகையில் 1.25 மில்லிமீட்டர். அவ்வுருளையின் நடுத்துளையில் இழையைப் பொருத்தி, முனையைத் தேய்த்து மெருகிட்டிருப்பார்கள். இழையின் குறுக்களவு 125 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 125 மைக்ரானிலும் ஒளி செல்லும் நடுப்பகுதி, நெடுந்தொலைவு இழைகளில் 9 மைக்ரான் அளவே. நம் குருதியின் சிவப்பணு ஒன்று 7 அல்லது 8 மைக்ரான் அகலமுடையது. ஆகவே ஒரு சிவப்பணு நுழையும் அளவான வாயில் வழியேதான் ஓர் ஊரின் செய்தியெல்லாம் போய் வருகின்றது.

இவ்வளவைக் கண்ணால் கண்டறிய முடியாதாகையால், வகுப்பறைக் கணக்கு ஒன்றால் விளக்குகிறேன். ஒளி செல்லும் நடுப்பகுதியை ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பெருக்கிக் கொள்வோம். அப்போது 2.5 மில்லிமீட்டர் ஃபெரூலின் முகம் ஏறத்தாழ இருபதடி அகலமுள்ள வகுப்பறையின் தரையாகிவிடும். தரையின் நடுவே ஒரு நாணயம். அதன் மேல்தான் ஒளி விழுகின்றது. பத்து மைக்ரான் அளவுள்ள துகள் ஒன்று அந்நாணயத்தை முழுதும் மூடிவிடும். அத்தகைய துகள்கள் நம் அறையின் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன.

'நாணயத்தின் மேல் விழுந்தால்தானே தீங்கு? தரையின் மூலையில் கிடந்தால் என்ன?' என்று ஒரு மாணவன் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரு கனெக்டர்களும் அடாப்டர் என்னும் குழலின் இரு புறமும் நுழைந்து, சுருள்வில்லின் அழுத்தத்தால் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். மூலையில் கிடக்கும் துகளும் அவ்விரு முகங்களையும் சற்றே விலக்கிவிடும். இடையே காற்று புகும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பித் தெறிக்கிறது. போகும் ஒளி குறைவதோடு, திரும்பி வரும் ஒளி அனுப்பும் கருவியையும் குழப்புகிறது. மேலும், மூலையிலுள்ள துகள் மூலையிலேயே இருப்பதில்லை. கழற்றி மாட்டும்போதெல்லாம் அது நகர்ந்தும் நொறுங்கியும் நடுவை நோக்கிப் பரவுகிறது. கடினமான துகளாயின் கண்ணாடியிற் பதிந்து குழி செய்துவிடும். அழுக்கை அகற்றலாம், குழியை எந்தத் துணியாலும் அகற்ற முடியாது. இவற்றினின்று ஒரு விதி கிடைக்கிறது: அழுக்கான கனெக்டரை 'மாட்டித்தான் பார்ப்போமே' என்று மாட்டுதல் கூடாது. மாட்டிப் பார்ப்பதே சேதம் செய்வதாகும்.

அழுக்கு ஒரே வகையன்று. ஆகவே அகற்றும் முறையும் ஒன்றாக இருக்க முடியாது. உலர்ந்த தூசி ஒன்று: பஞ்சு இழை, தோலின் செதில், அடாப்டர் குழல் தேய்ந்து உதிரும் பொடி ஆகியன இதில் அடங்கும். எண்ணெய்ப் பசை மற்றொன்று: விரல் பட்டால் ஒட்டுவதும், வடத்தினுள் நீர் புகாவண்ணம் நிரப்பியிருக்கும் களிம்பும் இவ்வகை. மூன்றாவது, திரவம் உலர்ந்தபின் எஞ்சும் கறை. துடைக்க வந்த சாராயமே சரியாக உலர்த்தப்படாவிடின் இக்கறையை விட்டுச் செல்லும். இவை மூன்றினும் வேறாகக் கீறலும் குழியும் உண்டு. அவை அழுக்கல்ல, காயம். அவற்றுக்கு மருந்து கனெக்டரை மாற்றுவதே.

எது எவ்வகை என்று வெறுங்கண் அறியாது. ஆதலின் தூய்மை செய்யும் கருவிகளுள் முதலாவது துணியுமன்று, திரவமுமன்று; நுண்ணோக்கி. இருநூறு அல்லது நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு நுண்ணோக்கிகள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. சிறிய திரையில் உருவைக் காட்டும் வகையே சிறந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். ஐ.இ.சி. 61300-3-35 என்னும் சர்வதேசத் தர நெறி, கனெக்டரின் முகத்தை நடுவிலிருந்து வெளிநோக்கி வட்ட வட்டமான பகுதிகளாகப் பிரிக்கிறது. எப்பகுதியில் எவ்வளவு குறை இருக்கலாம் என்று வரையறுக்கிறது. நடுவை நெருங்க நெருங்க நெறி கடுமையாகிறது. 'எனக்கு நன்றாகத்தான் தோன்றுகிறது' என்னும் பேச்சுக்கு இடமில்லாமற் போகிறது.

பார், துடை, மீண்டும் பார், பிறகு இணை. இந்நான்கு சொற்களும் இத்தொழிலின் வாய்பாடு. முதற்பார்வை, துடைக்க வேண்டுமா என்பதையும் எதனால் துடைக்க வேண்டும் என்பதையும் கூறும். இரண்டாம் பார்வை, துடைத்தது பலித்ததா என்று கூறும். முதற்பார்வையில் முகம் தூயதாக இருந்தால் துடைக்க வேண்டுவதில்லை. தூயதைத் துடைப்பதும் புதுத் தூசியை அழைப்பதாகலாம்.

இனித் துடைக்கும் கருவிகளைக் காண்போம். உலர்ந்த தூசிக்கு உலர்ந்த முறையே போதும். இதற்கு இருவகைக் கருவிகள் உண்டு. ஒன்று எழுதுகோல் போன்றது. அதன் முனையை அடாப்டரினுள் நுழைத்து அழுத்தினால் 'டக்' என்று ஓசை எழும். உள்ளிருக்கும் மெல்லிய துப்புரவு நூல் சுழன்று நகர்ந்து முகத்தைத் துடைக்கும். ஒவ்வொரு முறையும் புதிய நூலே முகத்தில் படும். சுவர்ப்பெட்டியின் உட்புறம் மறைந்திருக்கும் கனெக்டரைக் கழற்றாமலே துடைக்கலாம் என்பது இதன் சிறப்பு. 2.5 மில்லிமீட்டருக்கும் 1.25 மில்லிமீட்டருக்கும் வெவ்வேறு கோல்கள் உண்டு. வாங்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். மற்றொன்று பழைய ஒலிநாடாப் பெட்டியை ஒத்தது. நெம்பை அழுத்தினால் சிறு சாளரம் திறந்து புதிய துணிநாடா தோன்றும். கனெக்டரின் முகத்தை அதன்மேல் வைத்து ஒரே திசையில் ஒருமுறை இழுத்தால் போதும். கையில் பிடித்துள்ள கனெக்டருக்கு இது மிக ஏற்றது.

எண்ணெய்ப் பசைக்கும் உலர்ந்த கறைக்கும் உலர்முறை பெரும்பாலும் போதாது. அங்கே ஈரமும் உலர்வும் சேர்ந்த முறை வேண்டும். பஞ்சு உதிராத துப்புரவுத் தாள் ஒன்றின் ஓரத்தில் ஒரு சொட்டுத் திரவம் இட வேண்டும். கனெக்டரின் முகத்தை அவ்வீரத்தில் வைத்து, அங்கிருந்து உலர்ந்த பகுதிக்கு ஒரே கோடாக இழுக்க வேண்டும். ஈரம் பசையைக் கரைக்கும். உலர்ந்த பகுதி கரைந்ததையும் ஈரத்தையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளும். ஈரத்தை அப்படியே விட்டுவிட்டுக் காற்றில் உலரட்டும் என்று இருந்தால், கரைந்த அழுக்கு வட்டக் கறையாக மீண்டும் படியும். முன்னும் பின்னும் தேய்ப்பதும் ஆகாது. எடுத்த அழுக்கைத் திரும்பப் பூசுவதாகும். ஒருமுறை பயன்படுத்திய இடத்தை மறுமுறை பயன்படுத்தவும் கூடாது. தாளின் விலை சில காசு. கனெக்டரின் விலை அதனினும் பன்மடங்கு.

திரவமாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வழக்கமாகப் பயன்படுகிறது. நூற்றுக்கு 99 பங்குக்குக் குறையாத தூய்மை உடையதாக இருத்தல் வேண்டும். மருந்துக்கடையில் புண் துடைக்கக் கிடைப்பது பெரும்பாலும் 70 பங்கு, எஞ்சியது நீர். அது புண்ணுக்கு நன்று. கண்ணாடி இழைக்குக் கறை. தூய திரவமும் புட்டியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே உடனுக்குடன் மூட வேண்டும். தீப்பற்றும் பொருளாதலின் நெருப்பினருகே வைத்தல் கூடாது. விரைவில் உலர்ந்து கறை விடாத தனித் திரவங்களும் விற்கப்படுகின்றன. எதுவாயினும் ஒரு சொட்டு மட்டுமே. முக்கி எடுப்பது தவறு. அடாப்டர் குழலின் உட்புறத்துக்குத் துப்புரவுக் குச்சி உண்டு. மெல்ல நுழைத்து ஒரே திசையில் திருப்பி எடுத்து எறிந்துவிட வேண்டும்.

தகாத முறைகளையும் சொல்ல வேண்டும். ஏனெனில் நடைமுறையில் இவையே மலிந்துள்ளன. சட்டையின் ஓரத்தாலோ கைக்குட்டையாலோ துடைப்பது முதலாவது. துணி பஞ்சை உதிர்க்கும். உடலின் எண்ணெயையும் பூசும். வாயால் ஊதுவது இரண்டாவது. அதில் காற்றைவிட உமிழ்நீர்த் திவலையே முகத்தில் படியும். அடைத்த காற்றுக் குப்பியால் பீய்ச்சுவது மூன்றாவது. அது பெரிய துகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓட்டும், பசையை அசைக்காது, சில வேளை தன் கறையையும் விட்டுச் செல்லும். நான்காவது, மூடியை நம்புவது. புதிய கனெக்டர் பிளாஸ்டிக் மூடியோடு வருகிறது. மூடி கீறல் படாமற் காக்கும். தூய்மைக்குப் பிணை நிற்காது. மூடியின் உட்புறத் தூசியே முகத்தில் ஒட்டக்கூடும். ஆகவே பையிலிருந்து அப்போதுதான் பிரித்த கனெக்டரையும் பார்த்தே மாட்ட வேண்டும்.

இதன் பயனை நான் நேரிலே கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒளியிழை இணைப்பு வந்தது. வந்து சில வாரங்களில் நலிந்தது. பாடம் திரையில் தோன்றும், நடுவே நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவர்கள் பெட்டியை மாற்றினார்கள். சின்னாட்களில் மறுபடியும் மாற்றினார்கள். குறை நீங்கவில்லை. தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாளில் பிள்ளைகள் எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குப் பேருந்தில் போக நேர்ந்தது. மூன்றாம் முறை வந்த இளைஞர் என்னிடம் படித்தவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் தேறி இத்தொழிலில் சேர்ந்திருந்தார். அவர் பெட்டியைத் தொடவில்லை. ஒளியை நிறுத்தச் செய்து, கனெக்டரைக் கழற்றி, சிறு நுண்ணோக்கியில் வைத்தார். திரையில் முழுநிலவு போன்ற வட்டம் தோன்றியது. அதன் குறுக்கே மேகம் படிந்தாற்போல ஒரு கறை.

"ஐயா, இது தூசியில்லை. யாரோ விரலால் தொட்டிருக்கிறார்கள். உலர்ந்த நாடாவால் துடைத்தால் இன்னும் பரவும்" என்றார்.

"அப்படியானால் என்ன செய்வாய், தம்பி?" என்று கேட்டேன்.

ஒரு சொட்டுத் திரவம், ஒரு தாள், ஒரே இழுப்பு. திரையில் மேகம் கலைந்தது. எதிர்ப்புறக் கனெக்டரையும் அவ்வாறே பார்த்தார். அதிலும் அதே கறை சிறிது ஒட்டியிருந்தது. ஒரு முகத்தின் அழுக்கு மறுமுகத்துக்குத் தொற்றுவது இயல்பு. ஆகவே ஒன்றை மட்டும் துடைப்பது பாதி வேலை. இரண்டையும் துடைத்துப் பார்த்து மாட்டினார். பத்து நிமிடங்களில் வேலை முடிந்தது. இரண்டு பெட்டிகள் மாற்றியும் தீராத குறை ஒரு சொட்டில் தீர்ந்தது. அவருக்கும் முன் வந்தவர்களுக்கும் வேறுபாடு ஒன்றே: அவர்கள் கருதினார்கள், இவர் பார்த்தார்.

கனெக்டரின் நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வீடுகளுக்கு வரும் இழைகளில் பச்சை நிறக் கனெக்டர் மிகுதி. அதன் முகம் எட்டுப் பாகை சாய்வாக மெருகிடப்பட்டது. திரும்பத் தெறிக்கும் ஒளி வந்த வழியே செல்லாமல் விலகிப் போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. நீல நிறக் கனெக்டரின் முகம் சாய்வற்றது. பச்சையை நீலத்தோடு இணைத்தால் முகங்கள் ஒட்டா. எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. பச்சையை நாடாவிலோ தாளிலோ துடைக்கும்போது சாய்ந்த முகம் முழுதும் படியுமாறு பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் மேட்டுப்புறம் மட்டுமே துடைபடும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது கண்ணின் பாதுகாப்பு. இழையில் செல்லும் ஒளி நாம் காணும் ஒளியன்று. 1310, 1490, 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. அது கண்ணுக்குத் தெரியாது. தெரியும் ஒளியாயின் கண் தானே இமைத்துக்கொள்ளும். தெரியாத ஒளிக்குக் கண் இமைப்பதில்லை. வெளிச்சம் இல்லை என்று எண்ணி இழையின் முனையை நேரே நோக்குவதும், ஒளி ஓடும் இழையை வில்லை வழியே நோக்குவதும் கண்ணுக்குக் கேடு. திரையில் காட்டும் நுண்ணோக்கியே சிறந்தது என்று முன்பு சொன்னதன் காரணம் இதுவே. அதில் கண்ணுக்கும் இழைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. எந்த நுண்ணோக்கியாயினும் முதலில் ஒளியை நிறுத்த வேண்டும்; நின்றதா என்று ஒளியளவைக் கருவியால் சரிபார்க்க வேண்டும்; அதன் பிறகே கழற்ற வேண்டும்.

தொழிலாளியின் பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: திரையுள்ள நுண்ணோக்கி ஒன்று, இரு அளவிலும் துப்புரவுக் கோல், நாடாப் பெட்டி, பஞ்சு உதிராத தாள், சிறு புட்டியில் தூய திரவம், குழலுக்கான குச்சி, ஒளியளவைக் கருவி. முதலில் உலர்முறை, பார்த்து, போகாவிடின் ஈரமுறை, மீண்டும் பார்த்து, இரண்டு மூன்று முறையும் போகாவிடின் கனெக்டரை மாற்றுதல். இந்த வரிசையைக் கைப்பழக்கமாக்கிக் கொண்டால் பெரும்பாலான பழுதுகள் பெட்டி மாற்றாமலே தீரும்.

இப்பையில் விலை மிகுந்தது நுண்ணோக்கி. பல இடங்களில் அது மேலாளரின் அலமாரியில் இருக்கிறது. இளைஞர் கையில் துணி மட்டும் இருக்கிறது. இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், பார்ப்பதற்குச் செலவிடும் ஐந்து நிமிடத்தைத் தம் வயிற்றிலிருந்து கொடுப்பதாகவே கருதுவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. வேலையை ஒப்படைப்பவர்கள் நுண்ணோக்கியைக் கொடுத்து, பார்ப்பதற்கு வேண்டிய நேரத்துக்கும் கூலி கொடுப்பார்களாயின் தூய்மை தானே வரும். தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர்கள் துடைக்கும் கையைப் பழக்குவதற்கு முன், மாணவரைத் திரையின் முன் உட்காரவைத்து நல்ல முகம், தூசி படிந்த முகம், பசை படிந்த முகம், கீறிய முகம் ஆகிய நான்கையும் பிரித்தறியப் பழக்கல் வேண்டும்.

இல்லத்தாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டியைத் துடைக்கும்போது இழையைக் கழற்றாதிருங்கள். கழன்றுவிட்டால் வெண்மூக்கை விரலால் தொடாமலும் முனையைக் கண்ணெதிரே பிடிக்காமலும் மூடியை இட்டுவையுங்கள். பழுது பார்க்க வருபவர் உடனே பெட்டியை மாற்றாமல், பையிலிருந்து சிறு திரையை எடுத்து இழையின் முனையைப் பார்க்கத் தொடங்கினால், காலம் கடத்துகிறார் என்று எண்ணாதீர்கள். ஒரு குவளை நீர் கொடுத்து அவரைப் பார்க்க விடுங்கள்.